ஆயில் உறிஞ்சும் கைப்பம்பு: நான்கு குளிர்காலம் பார்த்த பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாய்மரப் படகில் சின்ன டீசல் இன்ஜின் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் இந்தப் பம்பை வாங்கலாம், ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஆனால் வாங்கி வைத்துவிட்டு குளிர்காலம் முடிந்து வசந்தத்தில்தான் வெளியே எடுப்பேன் என்றால் போட்ட காசில் பாதி வீண். இதற்கு வேலை இருக்கிற நாள், குளிர்காலத்துக்காகப் படகைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்குகிற நாளுக்கு முந்தின நாள். ஏன் என்பதைத்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் பம்பைப் பற்றிச் சொல்ல இருப்பதைவிட அதை எப்போது பயன்படுத்த வேண்டும் என்பதைப் பற்றிச் சொல்ல அதிகம் இருக்கிறது.

பொருள் இதுதான்: 6 லிட்டர் பிடிக்கிற ஒரு கறுப்பு பிளாஸ்டிக் உருளை, தலையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி ஒரு கைப்பிடி, உள்ளே சேர்ந்ததைக் கொட்டுவதற்கு ஒரு மூடி போட்ட மூக்கு, அப்புறம் தடித்த குழாய் ஒன்று, அதன் நுனியில் செருகிக்கொள்ள வேறு வேறு பருமனில் மெல்லிய குழாய்கள் இரண்டு. மெல்லிய குழாயை, ஆயில் அளவு பார்க்கிற கம்பியான டிப்ஸ்டிக் போகும் துளை வழியே இன்ஜினின் அடிவயிறு வரை விட்டு, கைப்பிடியைப் பத்துப் பதினைந்து முறை இழுத்தால் உருளைக்குள் இருக்கிற காற்று வெளியேறி வெற்றிடம் உண்டாகும், அதற்கு மேல் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், ஆயில் தானாக ஏறி வந்து உருளைக்குள் விழும். இதில் எனக்குப் பிடித்தது, ஆயில் பம்பின் உறுப்புகளுக்குள் போவதே இல்லை என்பது. காற்றை மட்டும்தான் பம்பு கையாளுகிறது, அதனால் கசடோ கரியோ உள்ளே போய் அடைக்காது, தேய்க்காது. உருளை நிரம்பிவிட்டால் உள்ளே ஒரு மிதவை மேலே வந்து வழியை மூடிவிடும். 3 லிட்டர் ஆயில் பிடிக்கிற இன்ஜினுக்கு அது தேவைப்படாது, ஆனாலும் இருப்பது நல்லது.

காரில் அடியில் இருக்கிற போல்ட்டைக் கழற்றினால் முடிந்தது, படகில் எதற்கு இந்தச் சுற்று என்று கேட்பவர்கள் ஒரு முறை பாய்மரப் படகின் படிக்கட்டை எடுத்துவிட்டு உள்ளே தலையை விட்டுப் பார்க்க வேண்டும். இன்ஜினுக்கும் படகின் அடிப்பகுதிக்கும் நடுவே கை நுழைகிற அளவுகூட இடம் இருக்காது. வடிகால் போல்ட் அடியில்தான் இருக்கும், ஆனால் அதைத் தொடுவதற்கு முழங்கையில் இன்னொரு மூட்டு வேண்டும், தொட்டுக் கழற்றினாலும் கீழே வைக்கத் தட்டு நுழையாது, ஆயில் அத்தனையும் படகின் அடியில் கொட்டி, அங்கே தேங்கிய தண்ணீரில் கலந்து, தானாக வேலை செய்கிற பில்ஜ் பம்பு அதை நேரே கடலுக்குள் தள்ளும். சில இன்ஜின்களில் தயாரிப்பாளரே ஒரு சின்னப் பித்தளைக் கைப்பம்பைப் பக்கவாட்டில் பொருத்திக் கொடுத்திருப்பார்கள். உங்களுடையது அப்படியானால் இதை வாங்க வேண்டாம், இத்தோடு படிப்பதை நிறுத்தினாலும் சரி, ஆனால் எப்போது மாற்றுவது என்கிற பகுதியை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள்.

இதை நான் வாங்கியதற்கே ஒரு கதை இருக்கிறது. முதல் இரண்டு வருடம் குளிர்கால வேலைகளை ஒரு படகுப் பட்டறையிடம் விட்டிருந்தேன், பெயர் வேண்டாம். வேலைப் பட்டியலில் ஆயில், ஃபில்டர் மாற்றம் என்று போட்டிருந்தது, பணமும் வாங்கிக்கொண்டார்கள். எப்போது மாற்றுவார்கள் என்று நான் கேட்கவில்லை, என் தவறு. அவர்கள் செய்தது, வசந்தத்தில் படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு ஒரு வாரம் முன்பு, ஐந்து மாதம் ஜில்லென்று கிடந்த இன்ஜினிலிருந்து உறிஞ்சியிருக்கிறார்கள். குளிர்ந்த ஆயில் விளக்கெண்ணெய் மாதிரி, மெல்லிய குழாயில் ஏறவே ஏறாது. வந்தவரை வந்தது என்று விட்டுவிட்டு, கையேட்டில் போட்டிருக்கிற முழு அளவையும் மேலே ஊற்றியிருக்கிறார்கள். இறக்கிய அன்று டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உயரம். நான் உறிஞ்சி எடுத்ததே கிட்டத்தட்ட ஒரு லிட்டர். அப்படியே ஓட்டியிருந்தால் உள்ளே சுழல்கிற தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கியிருக்கும், நுரைத்த ஆயில் பேரிங்குக்கு அழுத்தம் கொடுக்காது, போதாக்குறைக்கு மூச்சுக்குழாய் வழியாக ஆயில் காற்று உள்ளே போகிற பாதைக்கு வந்துவிட்டால் டீசல் இன்ஜின் அதையே எரித்துக்கொண்டு நிறுத்த முடியாமல் ஓடவும் வாய்ப்பு உண்டு. அன்று முடிவு செய்தேன், இந்த வேலையை இனி நானே செய்வது என்று.

சரி, எப்போது என்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

படகில் எனக்குப் பாதிப் பங்குதாரன் என் நண்பன். அவன் வசந்தக் கட்சி. "டேய், ஆறு மாசம் சும்மா நிக்கிற இன்ஜினுக்கு எதுக்குடா புது ஆயில்? குளிர்ல ஈரம் இறங்கும், அந்த ஈரத்தோட பழைய ஆயிலை எடுத்துப் போட்டுட்டு புதுசை ஊத்திக் கிளம்புவோம்" என்பான். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நானும் ஒரு வருடம் அதை நம்பினேன். ஆனால் பழைய ஆயிலுக்குள் என்னென்ன இருக்கிறது என்று யோசித்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

டீசல் எரியும்போது உண்டாகிற வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலோடு சேரும். அதில் கரி இருக்கிறது, எரியாத டீசல் இருக்கிறது, நீராவி இருக்கிறது, கந்தகமும் நைட்ரஜனும் எரிந்து வந்த வாயுக்கள் இருக்கின்றன. இவை தண்ணீரோடு சேர்ந்தால் அமிலம். ஆயிலும் சூட்டில் பழசாகப் பழசாகத் தன் பங்குக்குக் கொஞ்சம் அமிலத்தை உண்டாக்கும். இதைச் சமன் செய்வதற்கென்றே ஆயிலில் காரத்தன்மையுள்ள சேர்மானங்களைப் போட்டிருப்பார்கள், ஆனால் அது ஒரு கையிருப்பு மாதிரி, ஓட ஓடக் கரைந்துகொண்டே வரும். சீசன் முடிவில் அந்தக் கையிருப்பு மிகக் குறைவாக இருக்கும்போதுதான் நாம் இன்ஜினை நிறுத்திவிட்டுப் போகிறோம். அதற்கப்புறம் ஐந்து மாதமோ ஆறு மாதமோ அந்த ஆயில் படலம் பேரிங்கின் மென்மையான உலோகத்தின் மேல், செம்பும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்த மேற்பரப்பின் மேல், அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஓடுகிற இன்ஜினில் ஆயில் புரண்டுகொண்டே இருக்கும், நிற்கிற இன்ஜினில் ஒரே இடத்தில் வேலை செய்யும். இப்போது கிடைக்கிற டீசலில் கந்தகம் முன்பைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது உண்மைதான், அதனால் ஒரு குளிர்காலத்தில் பேரிங் அரித்துப் போய்விடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகிற தேய்மானம் இது.

பாய்மரப் படகில் இது கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம், நாம் இன்ஜினை நடத்துகிற விதம். துறைமுகத்தை விட்டு வெளியே போகப் பதினைந்து நிமிடம், பாய் ஏற்றியதும் நிறுத்தம், திரும்பி வரும்போது இருபது நிமிடம், நடுவில் பேட்டரிக்காகச் சுமையே இல்லாமல் அரை மணி நேரம். ஆயில் நன்றாகச் சூடாகி உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகி வெளியேறுகிற நிலைக்கு அது வருவதே அபூர்வம். கடல்நீரையே நேராக உள்ளே சுற்றவிட்டுக் குளிரவைக்கிற பழைய வகை இன்ஜின் என்றால் இன்னும் மோசம், சூடு அதிகமானால் உள்ளே உப்புப் படியும் என்பதற்காக அதன் தெர்மோஸ்டாட்டையே, அதாவது சூட்டைப் பொறுத்துத் தண்ணீர் வழியைத் திறக்கிற வால்வையே, குறைந்த சூட்டில் திறக்கிற மாதிரி வைத்திருப்பார்கள். மணிக்கணக்கு மீட்டரில் வருடத்துக்கு 40 மணி நேரம்தான் காட்டும், ஆயில் மாற்றக் கையேட்டில் 100 அல்லது 150 அல்லது 250 மணி என்று இன்ஜினுக்கு இன்ஜின் வேறுபடும், "இன்னும் வெகு தூரம் இருக்கிறதே" என்று தோன்றும். ஆனால் அதே வரியில் வருடத்துக்கு ஒரு முறை, எது முந்துகிறதோ அது என்றும் போட்டிருக்கும். பாய்மரப் படகு வைத்திருக்கிற நம்மில் பலருக்கும் முந்துவது வருடம்தான். அந்த வருடத்துக்கு ஒரு முறையை எந்த மாதத்தில் வைப்பது என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

நண்பன் சொன்ன ஈரத்தை ஒதுக்கிவிட முடியாது, உண்மையிலேயே இரவில் குளிர்ந்து பகலில் சூடாகும்போது இன்ஜினுக்குள் கொஞ்சம் ஈரம் படியத்தான் செய்யும். ஆனால் சுத்தமான ஆயிலில் வெறும் தண்ணீர் ஒரு துளி சேர்ந்தால் அது தண்ணீர் மட்டும்தான், வசந்தத்தில் முதல் நீண்ட ஓட்டத்தில் ஆவியாகிப் போய்விடும். கரியும் அமிலமும் ஏற்கெனவே இருக்கிற ஆயிலில் அதே துளி சேர்ந்தால் கதை வேறு. காற்று உள்ளே இழுக்கிற வாயையும் புகைபோக்கி வாயையும் எண்ணெய் தோய்த்த துணியால் அடைத்துவிட்டால் உள்ளே காற்று வந்து போவதே குறைந்துவிடும், ஈரமும் குறையும். அடைத்திருக்கிறது என்று சாவியில் ஒரு சீட்டுக் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் வசந்தத்தில் மறந்து சாவியைத் திருப்புவீர்கள். இலையுதிர்காலத்திலும் மாற்றி வசந்தத்திலும் மாற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், தண்ணீர் கலந்ததற்கு அடையாளமாக டிப்ஸ்டிக்கில் பால் நிறம் தெரிந்தால் தவிர அது எனக்கு வீணாகத்தான் படுகிறது. மறுபக்கம், சீசன் முடிவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் மாற்றினேன், அதற்கப்புறம் பத்து மணி நேரம்கூட ஓடவில்லை என்றால் நானாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன்.

ஒன்றைக் கவனியுங்கள், மேலே சொன்ன எதற்கும் தண்ணீர் உறைகிற குளிரோடு சம்பந்தம் இல்லை. குளிருக்காகச் செய்வது ஆன்டிஃபிரீஸ், தண்ணீர் உறைந்து இன்ஜினைப் பிளக்காமல் இருக்க. ஆயில் மாற்றுவது நிற்பதற்காக. தண்ணீர் உறையவே உறையாத இடத்தில் படகை நாலைந்து மாதம் சும்மா கட்டி வைப்பவருக்கும் இதே கணக்குத்தான்.

இலையுதிர்காலத்தில் மாற்றுவதில் இன்னொரு லாபம் இருக்கிறது, அதை நான் மூன்றாவது வருடம்தான் உணர்ந்தேன். உறிஞ்சிய ஆயில் உருளையில் விழும்போது பார்த்தேன், கறுப்பாக இல்லாமல் சாம்பல் கலந்து கலங்கலாக வந்தது. தண்ணீர். ஒரு சின்னப் பாட்டிலில் எடுத்து ஆய்வுக்கு அனுப்பினால் அதில் சோடியம் அதிகமாக இருந்தது, அதாவது கடல்நீர். இரும்பு, செம்பு, ஈயம் என்று எந்த உறுப்பு தேய்கிறது என்பதையும் அந்த அறிக்கையிலேயே பார்க்கலாம். கடைசியில், இன்ஜினைக் குளிரவைக்கக் கடல்நீரை இழுக்கிற பம்பின் சீல் கசிந்து இன்ஜினுக்குள் போயிருந்தது தெரிந்தது. குளிர்காலம் முழுக்கக் கையில் இருந்தது, பம்பைக் கழற்றி, பாகம் வரவழைத்து, ஆற அமர மாட்டினேன். இதையே வசந்தத்தில், படகு இறக்க ஒரு வாரம் இருக்கும்போது பார்த்திருந்தால் கோடையில் பாதி போயிருக்கும், அதுபோக உப்புத்தண்ணீர் ஆறு மாதம் பேரிங்கில் ஊறியிருக்கும்.

இப்போது செய்முறை. எனக்குப் பழகிய வரிசை இது, இதில் ஒரு இடத்தில் நான் சறுக்கியதையும் சொல்கிறேன்.

ஆயில் சூடாக இருக்க வேண்டும், அதற்கு இன்ஜின் சுமையோடு ஓட வேண்டும். கட்டிப்போட்டு நியூட்ரலில் ஓட்டுவதைவிட, கிரேன் இருக்கிற இடத்துக்கு இன்ஜினிலேயே போகிற அந்த அரை மணி நேரம் போதும், அதைவிட நல்ல சூடு கிடைக்காது. போய்க் கட்டி, நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டேன் என்றால் மேலே ஒட்டியிருக்கிற ஆயிலும் இறங்கிவிடும், குழாய்க்கும் தாங்கக்கூடிய சூடாக ஆறிவிடும். நிறுத்தின உடனே உறிஞ்ச வேண்டாம், முதல் வருடம் அப்படிச் செய்து மெல்லிய குழாய் சூட்டில் தளர்ந்து வெற்றிடத்தில் உள்ளே ஒட்டிக்கொண்டது, ஆயில் நின்றுவிட்டது. எவ்வளவு சூடு தாங்கும் என்று பம்பின் மேலேயே ஒட்டியிருந்தது, யார் படிக்கிறார்கள்.

குழாயை டிப்ஸ்டிக் துளையில் விட்டுக்கொண்டே போனால் அடியில் தட்டும். தட்டியதும் ஒரு துளி மேலே இழுத்துக்கொள்ளுங்கள், நுனி அடியில் ஒட்டிக்கொண்டால் உறிஞ்சாது. சூடான ஆயில் என் மூன்று சிலிண்டர் இன்ஜினிலிருந்து சுமார் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது, ஒரு முறை சோதனைக்காகக் குளிர்ந்த ஆயிலை எடுத்துப் பார்த்தபோது முக்கால் மணி நேரம் ஆகியும் முழுதாக வரவில்லை. உறிஞ்சி முடிகிற நேரத்தில் குழாயில் காற்றும் ஆயிலும் மாறி மாறிக் களக் களக் என்று சத்தம் வரும், அப்போது நிறுத்திவிடாதீர்கள். குழாயைக் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் ஏற்றி இறக்கி, வேறு மூலையில் நுனி போய் நிற்கிற மாதிரிச் செய்தால் இன்னும் கால் லிட்டராவது வரும். படகில் இன்ஜின் பின்பக்கம் சாய்வாகப் பொருத்தியிருப்பதால் டிப்ஸ்டிக் நுனி எட்டுகிற இடம்தான் ஆகத் தாழ்வான இடம் என்று சொல்ல முடியாது. எப்படிச் செய்தாலும் கொஞ்சம் பழையது உள்ளே தங்கும், அதனால் புது ஆயில் ஊற்றும்போது வெளியே வந்த அளவை விடக் குறைவாக ஊற்றி, டிப்ஸ்டிக் பார்த்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. கையேட்டு அளவை ஒரேயடியாக ஊற்றினால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே சொன்னேனே. எந்த ஆயில் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பல சின்னப் படகு டீசல்களுக்கு 15டபிள்யூ-40 என்று இருக்கும், ஆனால் தரக்குறியீடும் பொருந்த வேண்டும், புதிதாக வந்த உயர்ந்த தரம் என்பதற்காகவே பழைய இன்ஜினுக்கு நல்லது என்று ஆகிவிடாது.

ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள், அதற்குள் இருப்பதும் பழைய ஆயில்தான். என் இன்ஜினில் அது படுக்கை வாக்கில் இருக்கிறது, கழற்றினால் சிந்தாமல் இருக்காது. ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை முழுதாக மாட்டி, பைக்குள்ளேயே கழற்றி, பைக்குள்ளேயே விழவிட்டு எடுத்துவிடுவேன். பழைய ரப்பர் வளையம் இன்ஜின் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புது வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே முறுக்கி, தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று, அவ்வளவுதான். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்த வருடம் உங்களைத்தான் திட்டிக்கொள்வீர்கள்.

நான் சறுக்கிய இடம் வரிசையில். முதல் தடவை ஆன்டிஃபிரீஸை முதலில் ஓடவிட்டு நிறுத்தினேன், அப்புறம் ஆற அமர ஆயிலை மாற்றிவிட்டு இன்ஜினைத் தொடவே இல்லை, நல்ல வேலை செய்த திருப்தியோடு பூட்டிக்கொண்டு போனேன். புது ஆயில் அடித்தொட்டியில் சுத்தமாகக் கிடந்தது. பேரிங்கிலும் சிலிண்டர் சுவரிலும் ஒட்டியிருந்தது முழுக்கப் பழைய ஆயில். எதற்காக இலையுதிர்காலத்தில் மாற்றினேனோ அது நடக்கவே இல்லை. ஆயில், ஃபில்டர் முதலில், அதற்கப்புறம் இன்ஜினை மறுபடி ஓட்டிக் கடல்நீர்ப் பாதையை நல்ல தண்ணீரில் கழுவி, ஆன்டிஃபிரீஸை வாளியிலிருந்து உறிஞ்சவிட்டு, புகைபோக்கியில் நிறத்தோடு வெளியே வரும்வரை ஓடட்டும். அந்த ஓட்டத்திலேயே புது ஆயில் எல்லா மூலைக்கும் போய்விடும், ஃபில்டர் கசிகிறதா என்பதும் தெரிந்துவிடும். நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து டிப்ஸ்டிக்கைக் கடைசியாக ஒரு முறை பாருங்கள், ஃபில்டர் குடித்த அளவுக்குக் குறைந்திருக்கும். கடலுக்குள் போகிற ஆன்டிஃபிரீஸ் புரோப்பிலீன் கிளைக்கால் வகையாக இருக்கட்டும், எத்திலீன் கிளைக்கால் விஷம். கடல்நீரிலேயே நேராகக் குளிர்கிற இன்ஜின் என்றால் அது சூடாகித் தெர்மோஸ்டாட் திறந்த பிறகு ஊற்றினால்தான் உள்ளே வரை போகும்.

புது ஆயில் ஊற்றிய பின் பத்து நிமிட ஓட்டத்திலேயே கறுத்துவிடும், பயப்பட வேண்டாம், டீசலுக்கு அது வழக்கம். நண்பன் வசந்தத்தில் டிப்ஸ்டிக்கை எடுத்துக் காட்டி "நீ மாத்தவே இல்லடா" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதனால் தேதியும் மீட்டர் மணியும் ஃபில்டர் மேலேயே அழியாத மையால் எழுதிவிடுகிறேன்.

இன்னொன்று, குளிர்காலத்தில் நடுவே போய் "கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வருவோம்" என்று செய்யாதீர்கள். பாதிச் சூட்டில் நிறுத்துகிற ஒவ்வொரு ஓட்டமும் உள்ளே புதிதாக ஈரத்தையும் அமிலத்தையும் வைத்துவிட்டுப் போகும், தரையில் நிற்கிற படகில் தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் கடல்நீர்ப் பம்புக்குள் சுழல்கிற ரப்பர் சக்கரமான இம்பெல்லரும் போகும்.

பம்பின் குறைகளுக்கு வருகிறேன். பெரிய தொல்லை, தடித்த குழாயும் மெல்லிய குழாயும் சேர்கிற இடம். அங்கே மயிரிழை அளவு காற்று நுழைந்தாலும் வெற்றிடம் நிற்காது. இரண்டாவது வருடம் ஒரு மணி நேரம் பம்படித்துப் பம்படித்து நாக்குத் தள்ளிவிட்டது, இன்ஜினுக்குள் குழாய் அடைத்துவிட்டது என்று நினைத்தேன், கடைசியில் பார்த்தால் அந்த இணைப்பில் இருக்கிற ரப்பர் வளையம் வெடித்திருந்தது. மாற்று வளையம் கிடைக்கிறது, ஆனால் பெட்டியிலேயே ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கலாம். இப்போது ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் கிரீஸ் தடவுகிறேன்.

குளிர் நாளில் குழாய்கள் கம்பி மாதிரி விறைத்துச் சுருண்டுகொள்ளும், வெந்நீரில் சற்று நேரம் போட்டால் நேராகும். உருளை உயரம், அடி குறுகல், பக்கத்தில் ஒரு படகு வேகமாகப் போய் அலை வந்தால் சாய்ந்துவிடும். உள்ளே 3 லிட்டர் சூடான கறுப்பு ஆயில் இருக்கும்போது அது சாய்வதை நீங்கள் பார்க்க விரும்ப மாட்டீர்கள், கயிற்றால் கட்டி வையுங்கள். அளவுக்கோடுகள் பிளாஸ்டிக்கிலேயே புடைப்பாக இருக்கின்றன, கறுப்பு மேல் கறுப்பு, டார்ச் அடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு வந்தது என்று அளப்பதுதான் இந்த வேலையில் முக்கியம் என்பதால் இதற்காகத்தான் ஒரு புள்ளியைக் குறைத்தேன். நான் காலி டப்பாவில் கொட்டி அதில் அளக்கிறேன். கொட்டுகிற மூக்கும் சரியில்லை, முதலில் ஒன்றும் வராது, அப்புறம் திடீரென்று கக்கும். பெட்ரோலை இதில் உறிஞ்சவே கூடாது, எச்சரிக்கையைப் பெரிதாகவே போட்டிருக்கிறார்கள், அது சரி.

மின்சாரத்தில் ஓடுகிற பம்பும் இருக்கிறது, நண்பன் ஒன்று வைத்திருந்தான். கைக்கு வேலை இல்லை, ஆனால் ஆயில் அதன் பற்சக்கரங்கள் வழியாகப் போகிறது, கசடு போய்ப் போய் இரண்டே வருடத்தில் அதன் உறிஞ்சும் வலு குறைந்துவிட்டது. டிரில் இயந்திரத்தில் மாட்டுகிற சின்னப் பம்புகள் பக்கம் போகாதீர்கள்.

இதே பம்பில் கியர்பாக்ஸ் ஆயிலையும் எடுத்துவிடுகிறேன், அதன் டிப்ஸ்டிக் வழியாக. செயில்டிரைவ், அதாவது படகின் அடி வழியாக நேரே கீழே இறங்கிப் புரொப்பல்லரைச் சுழற்றுகிற கால், இருப்பவர்கள் கவனிக்க, அதில் சில மாதிரிகளுக்கு மேலிருந்து உறிஞ்சலாம், சிலவற்றுக்குப் படகு மேலே வந்த பின் அடியில் இருக்கிற போல்ட்டைக் கழற்றித்தான் வடிக்க வேண்டும். எப்படியானாலும் அதையும் குளிர்காலத்துக்கு முன்பே பாருங்கள். ஆயில் பால் மாதிரி இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது, அந்தத் தண்ணீர் உள்ளேயே உறைந்தால் அதன் வெளிக்கூட்டையே பிளந்துவிடும்.

வேலை முடிந்ததும் பழைய ஆயிலை மூடி போட்ட டப்பாவில் அடைத்துப் பழைய ஆயில் வாங்கிக்கொள்கிற இடத்தில் கொடுத்துவிடுங்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பழைய ஆயில் தோலுக்கு ஆகாது. உருளையைத் துடைத்துவிடலாம், ஆனால் மெல்லிய குழாய்க்குள் எப்போதும் கொஞ்சம் தங்கியிருக்கும், சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தால் அடுத்த சீசனில் பாய் வைக்கிற அறை முழுக்கக் கறுப்புப் புள்ளி. அதற்கு மூடி கொடுக்கவில்லை. பழைய கையுறையின் விரல்களை வெட்டிக் குழாயின் இரண்டு நுனியிலும் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன், இரண்டு வருடமாக ஒரு சொட்டு விழவில்லை.